நிலத்தடிக் குழாயும் வெப்பமானியும்: வெப்பப் பம்பி வரலாற்றிற் புதைந்த ஒரு பக்கம்

தொழினுட்ப வரலாறு எழுதப்புகுவோர் பெரும்பாலும் பொறிகளை ஆக்கியோரின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். நீராவிப் பொறியெனின் உவாற், மின்விளக்கெனின் எடிசன் என ஒரு பெயரும் ஓர் ஆண்டும் குறிக்கப்பட்டதும் வரலாறு முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்படுகின்றது. அப்பொறி பின்னர் எவ்வாறு பழுதுற்றது, பழுது எவ்விடத்ததென்பது எவ்வாறு அறியப்பட்டது, எத்தகைய தவறான தீர்ப்புகள் வழங்கப்பட்டன என்பன வரலாற்றாசிரியர் கண்ணிற் படுவது அரிது. ஒரு பொறி உலகில் நிலைபெறுவதும் நிலைபெறாது மறைவதும் இவ்விரண்டாம் வரலாற்றிலேயே தங்கியிருத்தலுண்டு. குளிர்நாட்டு இல்லங்களிற் பயன்படும் நிலவெப்பப் பம்பியின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இலங்கை போன்ற நாட்டில் வாழ்வோர்க்கு, நுவரெலியாவின் சில பங்களாக்கள் நீங்கலாக, வீட்டை வெப்பமூட்டும் தேவை இல்லை. எனினும் குளிரூட்டும் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்த எவரும் வெப்பப் பம்பியின் தத்துவத்தை ஓரளவு அறிந்தவரே. பெட்டியினுள் இருக்கும் வெப்பம் உறிஞ்சப்பட்டுப் பின்புறத்தால் வெளியேற்றப்படுகின்றது. பெட்டியினுள்ளிருக்கும் உணவுக்குப் பதிலாக வீட்டு முற்றத்து மண்ணையும், பின்புறத்துக்குப் பதிலாக வீட்டின் அறைகளையும் வைத்து எண்ணினால் அதுவே நிலவெப்பப் பம்பி. மண்ணிற் புதைத்த குழாயினூடு ஒரு திரவம் ஓடி மண்ணின் வெப்பத்தைக் கொணர்கின்றது. ஆவியாக்கியில் அவ்வெப்பம் குளிராக்கிப் பொருளுக்கு மாறுகின்றது. அமுக்கி அதன் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் உயர்த்துகின்றது. ஒடுக்கியில் அது வீட்டுக்கு வழங்கப்படுகின்றது. செலவிடும் மின்சாரம் ஒரு பங்காயின் கிடைக்கும் வெப்பம் மூன்று நான்கு பங்காதல் இயல்பு. வேண்டியவை இரண்டு: ஒழுகாத குழாய், பொய் சொல்லாத வெப்பமானி. இவ்விரண்டும் கிட்டுதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

மண்ணின் வெப்பநிலை பற்றிய அறிவு பொறிக்கு முற்பட்டது. பாரிஸ் வானாய்வகத்தின் நிலவறையில், தரைமட்டத்தின் கீழ் ஏறத்தாழ 28 மீற்றர் ஆழத்தில், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வெப்பமானி வைக்கப்பட்டிருந்தது. அவ்விடத்து வெப்பநிலை கோடையிலும் மாரியிலும் மாறாதிருத்தல் ஐரோப்பிய அறிஞரை வியக்கச் செய்தது. ஆயின் முறையான தொடர் அவதானிப்பு என்று கூறத்தக்கது 1837இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் தொடங்கியதே. அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் மூன்று இடங்களைத் தெரிந்தெடுத்தார். கால்ற்றன் குன்றின் எரிமலைப்பாறை ஒன்று. ஒரு தோட்டத்தின் மணல் மற்றொன்று. கிறெய்க்லீத் கற்சுரங்கத்தின் மணற்கல் மூன்றாவது. ஒவ்வோரிடத்தும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் மதுசாரம் நிரப்பிய நெடுங்குழல் வெப்பமானிகள் இறக்கப்பட்டன. குமிழ் ஆழத்திலும் அளவுகோல் தரைக்கு மேலும் இருக்குமாறு அவை ஆக்கப்பட்டிருந்தன. கிழமைதோறும் ஒருவர் சென்று அவற்றை வாசித்துக் குறித்தார்.

அக்குறிப்புகள் காட்டிய உண்மை எளிதாயினும் ஆழமானது. ஆழம் மிகமிகக் கோடையின் வெம்மை குறைவது மட்டுமன்று, காலந்தாழ்த்தியும் வந்து சேர்கின்றது. கால்ற்றன் குன்றில் 24 அடி ஆழத்தில், அதாவது 8 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில், ஆண்டின் உச்ச வெப்பநிலை சனவரி மாதத் தொடக்கத்திலேயே எய்தப்பட்டது. மேலே பனி கொட்டும்போது கீழே கோடை. அங்கு ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கம் மேற்பரப்பில் உள்ளதன் ஆறு வீதம் அளவிற்றே. நிலவெப்பப் பம்பி எதனை நம்பி நிற்கின்றதோ அந்த இயற்கை நியதி இதுவேயாகும்.

இங்கு ஒரு சிறு செய்தி விரிவாக நோக்கத்தக்கது. வெப்பமானியின் குமிழ் 24 அடி ஆழத்தில் இருந்தபோதிலும் அதன் குழல் தரைவரை நீண்டிருந்தது. குழலினுள் நின்ற மதுசாரம் தான் கடந்து வந்த ஒவ்வொரு மண்படையின் வெப்பநிலைக்கேற்பவும் விரிந்தது, சுருங்கியது. ஆகவே மேலே தெரிந்த எண் குமிழின் வெப்பநிலையை மட்டும் கூறவில்லை. வழியில் இருந்த யாவற்றினதும் கலவையைக் கூறிற்று. ஃபோர்ப்ஸ் இதனை அறிந்திருந்தார். இடைப்பட்ட ஆழங்களின் வாசிப்புகளைக் கொண்டு குழலின் வழுவைக் கணித்து நீக்கிய பின்னரே தம் பெறுபேறுகளை வெளியிட்டார். உணரி எதனை உணர்கின்றதென நாம் எண்ணுகின்றோமோ அதனையன்றி வேறொன்றையும் சேர்த்து உணர்கின்றது என்னும் இச்சிக்கல் பின்னர் வீட்டுப் பொறிகளிலும் வேறு கோலத்தில் தலைகாட்டியது.

அக்குன்றின் வெப்பமானிகளை 1846 முதற்கொண்டு பொறுப்பேற்று நடத்தியவர் ஸ்கொத்லாந்தின் அரச வானியலறிஞரான சார்ள்ஸ் பியாற்சி சிமித் ஆவர். நன்னம்பிக்கை முனையின் வெம்மையில் இளமைக்காலத்திற் பணியாற்றியவராதலின், வெப்பமண்டல நாடுகளின் அறைகளைக் குளிர்விக்கும் முறையொன்றை 1850ஆம் ஆண்டளவில் முன்மொழிந்தார். காற்றை அமுக்கி, அதனால் எழும் வெப்பத்தை அகற்றி, மீண்டும் விரியவிட்டுக் குளிர்காற்றைப் பெறுவது அவர் கருத்து. குடியேற்ற நாடுகளிற் பணிபுரிந்த ஐரோப்பியரின் நலன் கருதியே அது எழுந்தது என்பதை மறைத்தற்கில்லை. 1852இல் கிளாஸ்கோவின் இளம் பேராசிரியர் உவில்லியம் தொம்சன், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்டவர், அதே தத்துவத்தைத் திருப்பிப் பிடித்தார். வெளிக்காற்றின் வெப்பத்தைப் பொறியாற் கவர்ந்து கட்டடத்தை வெப்பமூட்டலாம் என்றும், எரிபொருளை அடுப்பில் எரிப்பதிலும் இது சிக்கனமானது என்றும் அவர் காட்டினார். வெப்பப் பம்பியின் வரலாறு வழக்கமாகத் தொடங்கும் இடம் இதுவாகும். ஆனால் கெல்வின் அப்பொறியைக் கட்டவில்லை.

அவர் கட்டியது வேறொன்று. கால்ற்றன் குன்றின் பல்லாண்டு வாசிப்புகளைக் கணிதமுறையாற் பகுத்துப் பாறையின் வெப்பக் கடத்துதிறனை 1860களின் தொடக்கத்தில் அவர் பெற்றார். அவ்வெண்ணைக் கொண்டே 1862இல் பூமியின் வயதைக் கணித்து, அது 20 மில்லியன் ஆண்டுகளுக்கும் 400 மில்லியன் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டதாகும் என்றார். புவிச்சரிதவியலாரும் டார்வினைப் பின்பற்றியோரும் இதனாற் பெரிதும் இடர்ப்பட்டனர். பூமியின் வயது ஏறத்தாழ 4,500 மில்லியன் ஆண்டுகள் என்பது இன்று யாவரும் அறிந்தது. கெல்வின் எங்கே தவறினார்? கதிரியக்கத்தை அறியாமையே காரணமெனப் பாடநூல்கள் கூறுவது வழக்கம். ஆயின் அவரது முன்னாள் உதவியாளரான ஜோன் பெரி 1895லேயே வேறொரு குறையைச் சுட்டினார். பூமியின் உட்பகுதியும் மேற்பாறையைப் போன்றே வெப்பத்தைக் கடத்தும் என்ற எடுகோள் பிழையாயின் கணிப்பு முற்றாகச் சரிந்துவிடும் என்பது அவர் வாதம். இன்றைய ஆய்வாளர் பலர் பெரியின் கூற்றே முதன்மையானதென ஏற்கின்றனர். வெப்பமானி பொய் சொல்லவில்லை. வாசித்த எண்ணும் சரி. அவ்வெண்ணுக்குப் பொருள் கொண்டவிதமே தவறு. இவ்வரலாற்றிற் பின்னரும் பலமுறை நிகழவிருந்த தவறு இதுவே.

பொறியின் கதையைச் சுருங்கக் கூறலாம். ஒஸ்திரிய நாட்டுப் பொறியியலாளர் பீற்றர் றிற்றிங்கர் 1850களில் எபென்சே உப்பளத்தில் நீராவியை அமுக்கி மீளப் பயன்படுத்தும் பொறியை நிறுவினார். 1912இல் சுவிற்சர்லாந்தின் ஹைன்றிச் சொலி மண்ணையே வெப்ப மூலமாகக் கொள்ளும் எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். நீராவிச் சுழலி ஆக்குவதிற் பெயர்பெற்ற அவரது இவ்வெண்ணம் மூன்று தசாப்தங்கள் தாளிலேயே கிடந்தது. 1938இற் சூரிச் நகர மண்டபத்தில் இயங்கத் தொடங்கிய வெப்பப் பம்பி லிம்மற் ஆற்றுநீரையே நாடிற்று. இரண்டாம் உலகப்போரின் முடிவில் இங்கிலாந்தின் நொறிச் நகரில் ஜோன் சம்னர் பழைய உறுப்புகளைத் தேடிச் சேர்த்து அமைத்த பொறியும் ஆற்றையே பயன்படுத்திற்று. ஆறு கண்முன் ஓடுவது. அதிற் புகும் குழாயை எடுத்துப் பார்க்கலாம்; துப்புரவாக்கலாம். மண்ணோ மூடியது.

மண்ணைத் திறந்து குழாயை இட்டவர்களுள் முற்பட்டவர் என அறியப்படுபவர் ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகர மின்சாரக் கம்பனியொன்றின் ஊழியரான றொபேட் உவெபர். அவரைப்பற்றிப் பரவலாக வழங்கும் கதை சுவையானது. உறைபெட்டியொன்றைச் சோதித்தபோது அதன் வெளியேற்றக் குழாய் அவர் கையைச் சுட்டதாகவும், அவ்வெப்பம் வீணாவதைக் கண்டு வீட்டை வெப்பமூட்ட எண்ணியதாகவும், 1940களின் இறுதியில் நிலவெப்பப் பம்பி அமைத்து மறு ஆண்டே தம் நிலக்கரி உலையை விற்றுவிட்டதாகவும் அது கூறும். நியூற்றனின் அப்பிள், உவாற்றின் கேத்தில் என்பவற்றின் வரிசையில் வைக்கத்தக்க கதை இது. கை சுட்டதோ இல்லையோ, ஆண்டு பொருந்தவில்லை. அவரது இல்லத்துப் பொறி 1945 ஒக்ரோபர் 1ஆந் திகதி முதல் அளவீட்டுக்கு உட்படுத்தப்பட்டமை பதிவாகியுள்ளது. கதையை விட்டு அளவீட்டுப் பதிவைப் பற்றுதலே வரலாற்று மாணவர்க்கு உகந்தது.

அப்பொறியின் அமைப்புக் கவனிக்கத்தக்கது. 2.2 கிலோவாற் வலுவுள்ள அமுக்கி. கையால் இயக்கப்படும் கட்டுப்பாடு. அகழிகளிற் புதைத்த குழாய்ச் சுருள். இடையில் நீரோ உப்புக்கரைசலோ இல்லை. குளிராக்கிப் பொருளே நேராக மண்ணுக்குட் சென்று அங்கேயே ஆவியாகித் திரும்பியது. இதனால் ஒரு வெப்பமாற்றியும் ஒரு பம்பியும் மிச்சமாயின. கொள்கையளவில் இதனிலும் சிக்கனமான அமைப்பு இல்லை. ஆயின் இச்சிக்கனமே அம்முறைக்கு வினையாயிற்று எனலாம்.

குளிரூட்டும் பெட்டியினுட் சில மீற்றர் நீளக் குழாய் உண்டு. அதன் இணைப்புகள் யாவும் தொழிற்சாலையில் ஒட்டப்பட்டுச் சோதிக்கப்பட்டவை. முற்றத்து அகழியிலோ பன்மடங்கு நீளமான குழாய். இணைப்புகள் மழையிலும் சேற்றிலும் குனிந்திருந்து ஒட்டப்பட்டவை. ஈரமண் உலோகத்தை அரித்தது. குழாயைச் சுற்றி மண் உறைந்து பருத்து, இளவேனிலில் இளகி, ஆண்டுதோறும் அதனை அசைத்தது. கோடையில் வீட்டின் வெப்பத்தை மண்ணுக்குட் செலுத்தியபோது களிமண் வரண்டு குழாயை விட்டு விலகிற்று. விலகிய இடைவெளிக் காற்று வெப்பத்தைத் தடுத்தது. எங்கேனும் ஊசித்துளை அளவு ஒழுக்கு ஏற்படின் குளிராக்கிப் பொருள் முழுவதும் மண்ணுக்குப் போயிற்று. அமுக்கியின் மசகெண்ணெயும் அதனுடன் சென்று தாழ்வான சுருள்களில் தங்கி, அமுக்கி எண்ணெயின்றித் தேய்ந்தது.

இவ்வாறான பழுதை அன்றைய தொழினுட்பவியலாளர் எவ்வாறு ஆராய்ந்தார்? அவரிடம் இருந்தவை ஓர் அமுக்கமானியும் சில வெப்பமானிகளுமே. உறிஞ்சற் பக்கத்து அமுக்கம் தாழ்ந்திருப்பின் அதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருத்தல் கூடும். பொருள் ஒழுகியிருக்கலாம், மண் உறைந்து வெப்பந்தர மறுக்கலாம், குழாயில் எண்ணெய் அடைத்திருக்கலாம். மானி மூன்றுக்கும் ஒரே எண்ணையே காட்டிற்று. எவ்வகைப் பழுதெனத் தீர்மானிக்க அகழியைத் தோண்ட வேண்டும். ஒரு வீட்டுத் தலைவர் தம் தோட்டத்தை எத்தனை முறை தோண்ட இசைவார்?

அக்காலத்து அமெரிக்க மின்சாரக் கம்பனிகள் இத்துறை ஆராய்ச்சிக்கு ஆதரவு நல்கின. உவிஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் இங்கர்சொல் 1948இல், கெல்வினின் கணிதத்தையே அடிப்படையாகக் கொண்டு, புதைத்த குழாய் மண்ணிலிருந்து எவ்வளவு வெப்பம் பெறும் என்பதற்கான கோட்பாட்டை வகுத்தார். குன்றின் வெப்பமானிக்கும் முற்றத்துக் குழாய்க்குமான அறிவுத்தொடர்பு இவ்வாறு நேரானது. ஆயினும் 1950களின் பிற்பகுதியில் ஊக்கம் தணிந்தது. எண்ணெயும் இயற்கை வாயுவும் மலிந்தமையே காரணமென்பர். அது உண்மையின் ஒரு பகுதியே. மலிவெண்ணெய் காலத்திலும் காற்றை மூலமாகக் கொண்ட வெப்பப் பம்பிகள் அமெரிக்காவில் விற்பனையாகிக்கொண்டுதான் இருந்தன. கைவிடப்பட்டது மண்ணை நாடிய முறையே. பொருளியல் அதனைத் தளர்த்தியது. ஒழுகிய குழாய் அதனை வீழ்த்தியது என்று கொள்வதே பொருத்தமாகும்.

1973 ஒக்ரோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடி சில மாதங்களுள் எண்ணெய் விலையை ஏறத்தாழ நான்கு மடங்காக்கிற்று. இறக்குமதி எண்ணெயால் வீடுகளை வெப்பமூட்டிய சுவீடன் மீண்டும் மண்ணை நோக்கியது. இம்முறை இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, குளிராக்கிப் பொருள் பொறிக்குள்ளேயே அடைக்கப்பட்டது. மண்ணுக்குட் சென்றது நீரும் உறைவுதடுக்கும் பொருளும், சுவீடனிற் பெரும்பாலும் மதுசாரம், கலந்த கரைசலே. இரண்டாவது, உலோகக் குழாயின் இடத்தைப் பொலியெதிலீன் பிடித்தது. 1933இல் இங்கிலாந்தின் ஆய்வுகூடமொன்றில் எதிர்பாராது தோன்றிய இப்பொருள் அரிப்புறாதது. சூடாக்கி ஒன்றோடொன்று உருக்கி ஒட்டினால் இணைப்பும் குழாயைப் போலவே வலிமை பெறும். ஒரு மீற்றர் ஆழத்தில் நெடுஞ்சுருளாகவோ, நூறு மீற்றருக்கும் மேற்பட்ட துளைக்கிணற்றில் நெட்டாங்காகவோ அது இடப்பட்டது. அமெரிக்காவில் ஒக்லஹோமா அரச பல்கலைக்கழகத்தார் 1970களின் இறுதியிலிருந்து இதனை ஆராய்ந்து, 1987இல் இத்துறைக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தனர்.

குழாயின் பழுது ஒழிந்ததா? இல்லை, உருமாறிற்று. ஒழுக்கு அருகியது. அதன் இடத்திற் காற்றும் அழுக்கும் வந்தன. நீண்ட பிளாத்திக்குக் குழாயில் திரவம் நிரப்பும்போது உயர்ந்த இடங்களிற் காற்றுத் தங்குகின்றது. செக்கனுக்கு 0.6 மீற்றர் வேகத்திற்குக் குறையாது திரவத்தைச் செலுத்திக் கழுவினாலன்றி அது வெளியேறுவதில்லை. வீட்டின் சிறு சுற்றோட்டப் பம்பிக்கு அவ்வலு இல்லை. வேறொரு பெரிய பம்பியைக் கொண்டே அதனைச் செய்தல் வேண்டும். குழாய் வெட்டியபோது விழுந்த சீவல்களும் மண்ணும் வடியிற் சேர்ந்து ஓட்டத்தைக் குறைப்பதும் உண்டு.

இதன் விளைவை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். செக்கனுக்கு 0.4 இலீற்றர் கரைசல் ஓடுகின்றது எனவும், அது 4 பாகையில் வந்து 1 பாகையில் மண்ணுக்குத் திரும்புகின்றது எனவும் கொள்வோம். ஒரு இலீற்றர் கரைசல் ஒரு பாகை குளிரும்போது ஏறத்தாழ 4 கிலோயூல் தருமாதலின் மண்ணிலிருந்து பெறுவது 4.8 கிலோவாற். வடி அடைத்து ஓட்டம் பாதியாகின், அதே வெப்பத்தைப் பெறக் கரைசல் 6 பாகை குளிர்தல் வேண்டும். அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 2 பாகையில் திரும்பும். ஆவியாக்கியின் வெப்பநிலையும் அமுக்கமும் தாழும். தாழ்வமுக்கக் காப்பு ஆளி பொறியை நிறுத்தும். அழைக்கப்பட்டு வருபவர் அமுக்கமானியை மட்டும் நோக்குவாராயின், குளிராக்கிப் பொருள் குறைந்துவிட்டதெனத் தீர்மானித்து மேலும் ஏற்றுவார். 1950களின் அதே மயக்கம் இங்கும் தொடர்கின்றது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. இப்பொழுது உட்செல்லும் குழாயிலும் வெளிவரும் குழாயிலும் இரு வெப்பமானிகள் உள்ளன. வேறுபாடு வழமையான மூன்று நான்கு பாகையிலும் மிக்கதாயின் குறை ஓட்டத்தில் உளது. வேறுபாடு வழமையாகவோ அதனிலும் குறைந்தோ இருக்க அமுக்கம் மட்டும் தாழ்ந்ததாயின், கரைசலும் போதிய வெப்பத்துடன் வருமாயின், குறை பொறியினுள் உளது. வேறுபாடு வழமையாக இருந்து இரு வெப்பநிலைகளும் ஆண்டுக்காண்டு சேர்ந்து தாழ்ந்து செல்லின் குறை மண்ணில், அஃதாவது கிணற்றின் ஆழம் போதாமையில், உளது. தோண்டாமலே மண்ணை வாசிக்கும் வாய்ப்பு இவ்வாறு கிட்டியது.

மண்ணின் இந்நெடுங்காலத் தளர்ச்சியை 1980களிற் சுவீடனின் லூன்ட் பல்கலைக்கழகத்தார் கணிதமுறையால் ஆராய்ந்தனர். எஸ்கில்சனின் 1987ஆம் ஆண்டு ஆய்வேடு இதில் முதன்மையானது. 1983இல் மொகென்சன் என்பவர் கிணற்றுக் குழாயினூடு மாறா அளவில் வெப்பத்தை மாற்றி, கரைசலின் வெப்பநிலை காலத்தோடு மாறுவதைக் கொண்டு மண்ணின் இயல்பை அறியும் முறையை முன்மொழிந்தார். 1990களின் நடுப்பகுதியில் சுவீடனிலும் ஒக்லஹோமாவிலும் இதற்கென ஊர்தியில் ஏற்றிச் செல்லத்தக்க கருவிகள் எழுந்தன. ஃபோர்ப்ஸ் ஆண்டுக்கணக்கிற் பெற்ற எண்ணை இக்கருவி ஏறத்தாழ இரண்டு மூன்று நாட்களிற் பெறுகின்றது.

ஒழுக்குச் சோதனையிலும் மயக்கமுண்டு. புதிதாக நிரப்பிய சுற்றில் முதற் கிழமைகளில் அமுக்கம் இறங்குவது கண்டு ஒழுக்கென அஞ்சுவது வழக்கம். ஆனால் கரைசல் குளிர்ந்து சுருங்குவதாலும், பொலியெதிலீன் அமுக்கத்தால் மெல்ல விரிந்து கொடுப்பதாலும், எஞ்சிய காற்று கரைவதாலும் அமுக்கம் இறங்கும். ஒவ்வொரு சுற்றையும் வால்வினால் தனிப்படுத்தி, அமுக்கம் ஏற்றி, எது தொடர்ந்து இழக்கின்றதெனப் பார்த்த பின்னரே மண்வெட்டியை எடுத்தல் முறை.

இனி உணரிகள். இரு வெப்பமானிகளை நம்பியே தீர்ப்பு வழங்கப்படுமாயின் அவை நம்பத்தக்கனவா என்னும் வினா எழுகின்றது. இதற்கும் பழைய வரலாறு உண்டு. உலோகத்தின் மின்தடை வெப்பநிலையுடன் மாறுவதைக் கொண்டு 1871இல் உவில்லியம் சீமென்ஸ் பிளாற்றினத் தடை வெப்பமானியை முன்வைத்தார். 1874இற் பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் குழுவொன்று அதனைச் சோதித்து, உயர்வெப்பத்திற் பயன்படுத்திய பின் அதன் வாசிப்பு மாறிவிடுகின்றதெனக் கண்டது. பிளாற்றினம் நம்பத்தகாதது என்ற எண்ணம் பரவிப் பத்தாண்டுகளுக்கு மேல் அக்கருவி மதிப்பிழந்து கிடந்தது. 1880களின் பிற்பகுதியிற் கேம்பிரிட்சின் இளம் ஆய்வாளர் ஹியூ கலெண்டர் குற்றவாளி பிளாற்றினமன்று, அதனைத் தாங்கிய உறையும் சுற்றிய களியுமே கம்பியை மாசுபடுத்தின என நிறுவினார். குற்றமற்ற உறுப்பு பழிசுமந்த நிகழ்ச்சிகளுள் இதனிலும் தெளிவானது இத்துறையில் இல்லை.

வீட்டு வெப்பப் பம்பிகளில் இன்று பெரும்பாலும் இருப்பது பிளாற்றினமன்று. வெப்பநிலை ஏற ஏறத் தடை குறையும் குறைகடத்தி உணரி. வெள்ளிச் சல்பைட்டில் இவ்வியல்பை ஃபரடே 1833லேயே கண்டிருந்தார். சாமுவேல் றூபென் 1930இல் அதனைக் கருவியாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வழமையான உணரி 25 பாகையில் 10,000 ஓம் தடையுடையது. பூச்சியப் பாகையில், வகைக்கேற்ப, ஏறத்தாழ 27,000 முதல் 34,000 ஓம் வரை காட்டும். தடை பெரிதாதலின் நீண்ட வடத்தின் சில ஓம்கள் அதனைப் பாதிப்பதில்லை. நூறு ஓம் பிளாற்றின உணரியிலோ வடத்தின் ஓர் ஓம் ஏறத்தாழ இரண்டரைப் பாகைப் பிழையைத் தந்துவிடும்.

ஆயினும் இவ்வுணரிக்கும் தனிப் பொய்கள் உண்டு. கம்பி அறுந்தால் தடை முடிவிலியாகின்றது. கட்டுப்பாட்டுக் கருவி அதனைக் கடுங்குளிர் எனப் பொருள்கொள்கின்றது. கம்பிகள் தொட்டுக்கொண்டால் கடும்வெப்பம் எனக் கொள்கின்றது. இவை எளிதிற் பிடிபடும் பொய்கள். வீட்டினுள் ஓடும் குழாய் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையில் இருத்தல் இயலாதென்பதைப் பிள்ளையும் அறியும். குளிர்ந்த குழாயில் வியர்க்கும் நீர் இணைப்பிற் புகுந்து தடையைச் சிறிது குறைத்து, ஓரிரு பாகை மட்டும் கூட்டிக் காட்டுவதே இடர்தருவது. அதனிலும் இடர்தருவது உணரி குழாயை விட்டுச் சிறிது வழுவுதல். 2 பாகைக் குழாயின்மேல் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டிய உணரி, கட்டுத் தளர்ந்து, மூடிய காப்புறையும் கழன்று, 20 பாகையுள்ள அறைக்காற்றிற் பாதி தொங்குமாயின் 6 என்றோ 7 என்றோ காட்டும். இருத்தல் கூடிய எண்ணாதலின் எவரும் ஐயுறார். வெளிச்செல்லும் குழாயின் உணரி சரியாக இருப்பின் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பொய்யாகப் பெருகும். ஓட்டம் குறைந்ததென முடிவு கட்டி நல்ல பம்பியைக் கழற்றிப் புதிதிடுவர். மறுநாளும் அதே எண் தோன்றும். குமிழையன்றிக் குழலையும் உணர்ந்த எடின்பரோ வெப்பமானியின் வழு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின் வீட்டு நிலவறையில் மறுபிறவி எடுத்தமை இதுவாகும். உணரியைக் கழற்றி உருகும் பனிக்கட்டி கலந்த நீரில் இட்டுத் தடையை அளப்பதே இதற்கு எளிய சோதனை. அங்கு அது சரியான எண்ணைத் தருமாயின் குறை உணரியிலன்று, அது கட்டப்பட்டிருந்த இடத்தில் என்பது போதரும்.

இப்பழுதுகளிற் பணச்செலவு சிறிதன்று. அடைத்த வடியைத் துப்புரவாக்குதற்கு அரைமணி நேரம் போதும். அமுக்கியை மாற்றவோ பெருந்தொகை வேண்டும். புதுக் கிணறு துளைக்க அதனிலும் மிக வேண்டும். எண்ணைப் பிழையாக வாசிப்பவர் முன்னதற்குப் பதிலாகப் பின்னவற்றைப் பரிந்துரைத்துவிடுகின்றார். வடநாட்டு மாரியில் அத்தவறின் சுமை வீட்டில் இருக்கும் முதியோர்மீதும் குழந்தைகள்மீதுமே விழுகின்றது.

கால்ற்றன் குன்றின் வெப்பமானிகள் 1876இல் உடைபட்டன. பியாற்சி சிமித் 1879இற் புதியவற்றை நிறுவி வாசிப்பைத் தொடரச் செய்தார். பழைய கருவிகள் அழிந்தபோதும் முப்பத்தொன்பது ஆண்டுகளாகக் கிழமைதோறும் எழுதிவைக்கப்பட்ட எண்கள் எஞ்சின. அவற்றைக் கொண்டு இன்றும் ஒருவர் அப்பாறையின் கடத்துதிறனை மீளக் கணிக்கலாம். இன்றைய வீட்டுப் பொறியொன்றில் எட்டு, பத்து உணரிகள் உள. அவை நிமிடந்தோறும் வாசிக்கின்றன. எனினும் பொறியை நிறுவிய முதலாம் ஆண்டின் மாரியில் கரைசல் எத்தனை பாகையில் வந்தது, எத்தனை பாகையிற் சென்றது, அமுக்கம் யாது என்பன எழுதிவைக்கப்படாத இல்லங்கள் பலவாகும். பத்தாண்டின் பின் அங்கு கரைசல் பூச்சியத்துக்குக் கீழ் 3 பாகையில் வந்துகொண்டிருக்கும்போது, மண்தான் தளர்ந்ததா, தொடக்கம் முதலே கிணறு அத்தன்மைத்ததா என்று வினவுவார்க்கு விடையளிக்கக்கூடிய எண் எதுவும் அவ்வீட்டில் இருப்பதில்லை.